ஜன்னலுக்கு நேராக ஒரு பெட்டி

"வெந்நீர் போட ஒரு மெஷினாம். ஹீட் பம்ப்னு பேராம். சொந்தமாக்கூட வாங்கல, மாச வாடகைக்கு எடுத்திருக்கா. பவுசைப் பாருங்க."

பெரியவள் திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கி, அடுத்த வீட்டுக்குள் போகும் பெரிய தண்ணீர் டேங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பியூட்டி பார்லர் நடத்துறாம்மா. நாள் பூரா தலை அலசணும். வெந்நீர் வேணாமா?" என்றார் கட்டிலில் கிடந்த கணவர். பஸ் ஓட்டுகிறவர். கால் முறிந்து, தொடை வரை மாவுக்கட்டோடு இரண்டு மாதமாகப் படுக்கை.

"இந்த வெயில்ல குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான் கொட்டுது. அதுக்கு ஒரு மெஷினா?"

"அப்ப நாமளும் ஒண்ணு வாடகைக்கு எடுப்போமா?"

"அவளைப் பாத்துச் சூடு போட்டுக்கிட்டாள்னு நாலு பேர் சிரிக்கவா?"

அவள் என்றது சின்னவளை, கொழுந்தனின் மனைவியை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆள் நடக்கிற அளவுக்கு ஒரு சந்து, அவ்வளவுதான். ஓரகத்தி வீட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்து இறங்கினாலும் பெரியவளுக்கு வயிறு எரியும். போன மாதம், படுத்திருக்கும் மாமாவுக்கு வேர்க்குமே என்று சின்னவள் ஒரு டேபிள் ஃபேன் கொடுத்தனுப்பினாள். "எங்க வீட்டுல காத்துக்கு ஒண்ணும் பஞ்சமில்ல" என்று அதை வாசலோடு திருப்பி அனுப்பியவள் இவள்.

அந்த மெஷினுக்கு வெளியே ஒரு பெட்டி உண்டு. ஏசிக்கு இருக்குமே, அதே மாதிரி, காற்றாடியோடு. அதைக் கொண்டுவந்து சந்தில் மாட்டினார்கள், சரியாகப் பெரியவள் கணவர் படுத்திருக்கும் அறையின் ஜன்னலுக்கு நேராக.

"ஏசிப் பெட்டி வெளியே என்ன ஊதும்? அனல். இதுவும் அதைத்தானே ஊதும்? அவ தலை அலசிச் சம்பாதிக்க, நீங்க இங்க கிடந்து வேகணுமா?"

மெஷின் ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

ஒரு வாரம் போனது. துணிக்கடையில் பில் போடும் வேலை முடிந்து சாயங்காலம் அவள் திரும்பும்போது அறை நன்றாகவே இருந்தது. கணவர் முகத்திலும் ஒரு தெளிவு.

"பாத்தீங்களா, ஜன்னலைச் சாத்தினது எவ்வளவு நல்லதாப் போச்சு."

"நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும்," என்றார் அவர், மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு.

அத்தோடு விட்டிருப்பாள். ஆனால் மறுநாள் கடைக்கு வந்த ஒருத்தி, "உங்க ஓரகத்தி பார்லர்ல இப்பல்லாம் வெந்நீர்ல தலை அலசி விடுறாங்க. அப்படியே தூக்கம் சொக்குது. எங்க பாத்தாலும் அவங்க பேச்சுதான்," என்று நின்று நிதானமாகப் புகழ்ந்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் பெரியவள் போட்ட பில் எதுவும் உருப்படியாக இல்லை. சாயங்காலம் தன் வீட்டுக்குள்கூடப் போகாமல் நேராகச் சின்னவள் வாசலில் போய் நின்றாள்.

"உன் பெட்டியை மாட்ட வேற இடமே கிடைக்கலையா? படுத்த படுக்கையா இருக்கற மனுஷனோட ஜன்னல்தான் கண்ணுல பட்டுச்சா?"

சின்னவளின் முகம் சுருங்கிவிட்டது. "அக்கா, மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"என் புருஷனுக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும். நீ பெட்டியை எடு."

"சரிக்கா."

மறுநாள் காலையிலேயே பெட்டியைக் கழற்றித் தெருப்பக்கம், பார்லருக்கு வருகிறவர்கள் காத்திருக்கும் பெஞ்சுக்கு மேலே மாட்டினார்கள். வேலைக்குக் கிளம்பிய பெரியவள் நின்று பார்த்தாள். மெக்கானிக் சின்னவளிடம் அலுத்துக்கொண்டது அவள் காதில் விழுந்தது.

"நான் முதல்லயே இங்கதான் மாட்டலாம்னேன். நீங்கதான் அந்த ஜன்னலுக்கு நேராத்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்க."

ஆக, வேண்டுமென்றே செய்திருக்கிறாள். இனி சந்தேகத்துக்கே இடமில்லை. பெரியவள் அன்று முழுக்க மிதப்பில் இருந்தாள். ஒரு பில்லும் தப்பாகவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால், கணவர் வேர்வையில் தெப்பமாக நனைந்து கிடந்தார். மாவுக்கட்டின் ஓரமெல்லாம் வேர்க்குரு. ஒரு ஸ்கேலை உள்ளே விட்டுச் சொறிந்துகொண்டிருந்தார். கட்டிலை ஒட்டிய ஜன்னல் விரியத் திறந்திருந்தது.

"யாருங்க ஜன்னலைத் திறந்தது?"

"நான்தான். தினமும் நீ அந்தப் பக்கம் போனதும் திறப்பேன், வர்ற நேரத்துக்குச் சாத்திடுவேன்."

"அந்த அனல்லயா படுத்திருந்தீங்க?"

அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார். "போய் அந்தப் பெட்டிக்குக் கீழ கொஞ்ச நேரம் நின்னுட்டு வா."

போனாள். பெஞ்சில் இரண்டு பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வியர்த்திருந்த கழுத்தில் சில்லென்று காற்று பட்டது. பெரியவள் அண்ணாந்து பார்த்தாள். பெட்டியிலிருந்துதான் வந்தது.

"காத்துல இருக்கற சூட்டை எடுத்துத்தான்க்கா இது தண்ணியைச் சுட வைக்குது," என்றாள் அவளைப் பார்த்துவிட்டுக் கதவோரம் வந்து நின்ற சின்னவள். "சூட்டை எடுத்தப்புறம் வெளியே வர்றது குளிர்ந்த காத்து."

பெரியவளுக்கு வெட்கமாக இருந்தது. அதையும் கோபமாகத்தான் காட்டத் தெரிந்தது.

"இதை ஏண்டி முதல்லயே எங்கிட்ட சொல்லல?"

சின்னவள் தயங்கிவிட்டுச் சொன்னாள்.

"நான் குடுக்கற காத்துன்னு தெரிஞ்சா, நீங்க ஜன்னலைச் சாத்திடுவீங்களோன்னு பயமா இருந்துச்சுக்கா."