கோச் டோலிவர் வீட்டுப் பலகை

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து அந்தக் கல்லூரி ஊரில் ஃபுட்பால் அணி தோற்றால் போதும், மறுநாள் விடிவதற்குள் கோச் ராய்ஸ் டோலிவர் வீட்டுப் புல்வெளியில் ‘வீடு விற்பனைக்கு’ என்ற பலகைகள் காளானாய் முளைத்துவிடும். ஊரைக் காலி பண்ணு என்று ரசிகர்கள் செய்யும் மரியாதை அது. இந்த வருஷம் அவர் பிடுங்கிப் போட்ட பலகைகளை வைத்து ஒரு கப்பலே கட்டியிருக்கலாம்.

இந்தச் சனிக்கிழமை தோற்றால் வேலை போய்விடும். அதனால் வாரம் முழுக்க வீட்டுக்கே போகாமல், ராத்திரி ஆபீஸ் சோபாவிலேயே படுத்து, பகலெல்லாம் திட்டம் போட்டு, நாட்டின் முதலிடத்து அணியையே மண்ணைக் கவ்வ வைத்தார். மனைவி லொரெட்டாவிடம் சொல்லிக் குதிக்க ஓடிவந்தால், வாசலில் ஒரு பலகை.

“ஜெயிச்சாலும் விடமாட்டானுங்களா?” சிரித்துக்கொண்டே இழுத்தார். ஆழமாக நட்டிருந்தது, அசையவில்லை.

பக்கத்து வீட்டு வெர்ஜில் வேலியோரம் வந்தார். “அதை விட்டுருங்க கோச். அது பசங்க வேலையில்ல.”

“பின்ன, நீங்க நட்டதா?”

“லொரெட்டா. புரோக்கரைக் கூட்டிட்டு வந்து நட்டுட்டுப் போனாங்க.”

“எப்போ, இன்னைக்கா?”

வெர்ஜில் தொப்பியைக் கழற்றினார்.

“திங்கக்கிழமை. அன்னைக்கே பெட்டியோட கிளம்பிட்டாங்க. உங்களுக்குத் தெரியும்னுல்ல நாங்க நினைச்சோம்.”