கத்திரி பிடிக்கும் கை

"ஓடிரலாம்னு பாக்கறீங்களா, அண்ணே?"

ஆஸ்பத்திரி நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்த சலூன்காரர் திடுக்கிட்டு மறுபடி உட்கார்ந்தார். கேட்டது பக்கத்து நாற்காலி அம்மாள். மடியில் ஒரு பெரிய கைப்பை. வாயோ அதைவிடப் பெரிது என்பது அடுத்த நிமிடமே தெரிந்துவிட்டது.

"சேச்சே, தண்ணி குடிக்கலாம்னு..."

"தண்ணி இந்தப் பக்கம் இருக்கு. நீங்க பாத்தது வாசலை."

வசமாக மாட்டிக்கொண்டார். நடையைக் கட்டத்தான் பார்த்தார், பாவம். முழங்கையில் நரம்பு நசுங்கி, வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிப் பள்ளம் விழுந்திருந்தது. சீப்பு கையில் நிற்கவில்லை. போன வாரம் கத்திரி சறுக்கி, ஒருவருடைய காது மயிரிழையில் தப்பியது. இருபத்தாறு வருடமாகக் குடும்பத்துக்குச் சோறு போட்ட கை அது.

ஆபரேஷன்தான் வழி என்று டாக்டர் சொல்லிவிட்டார். சம்மதக் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. யோசித்துவிட்டு வாருங்கள் என்று வெளியே அனுப்பியிருந்தார்.

"சுண்டுவிரல் மரத்துப்போகுமே? சாவியைத் திருப்ப முடியாதே?" என்றாள் அந்த அம்மாள்.

"ஆமா! முடி வெட்டற கைம்மா இது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் இதே கூத்துதான். சினிமா தியேட்டர்ல டிக்கெட் கொடுக்கற வேலை. பதினெட்டு வருஷமா பலகையில முழங்கையை ஊனி ஊனியே நரம்பு நசுங்கிப்போச்சு. ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். இப்ப பாருங்க!"

கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, விரல்களைப் படபடவென்று மடக்கி விரித்தாள். நல்ல திடமான கை. சலூன்காரரின் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

"கத்தி வைக்கறப்போ..."

"வலிக்குமான்னுதானே? கையை மரத்துப்போக வெச்சிருவாங்க. ஒண்ணும் தெரியாது."

"அது இல்லம்மா. நரம்புல தவறி..."

"தவறிப் பட்டு, இருக்கற தெம்பும் போயிட்டா? அப்படி எதுவும் ஆகவே ஆகாதுன்னு யாரும் எழுதிக் கொடுக்க மாட்டாங்க. ஆனா அவங்க நரம்பை வெட்டப் போறதில்ல, அதை நசுக்கற இடத்தைத்தான் விலக்கி விடறாங்க. தினம் இதே வேலையா இருக்கறவங்க. நீங்க முடி வெட்டறப்போ எத்தனை பேரோட காதை அறுத்தீங்க?"

போன வாரத்துக் காது நினைவுக்கு வர, அவர் அவசரமாகப் பேச்சை மாற்றினார்.

"தைலம் கொஞ்ச நாள் தேச்சுப் பாத்தா என்ன?"

"தேய்க்கத் தேய்க்க பாட்டில் காலியாகும், அவ்வளவுதான். உள்ள நசுங்கறது நசுங்கிக்கிட்டேதான் இருக்கும்."

"போன சதை திரும்பி வருமா?"

"முழுசா வரும்னு சத்தியம் பண்ண மாட்டாங்க. மாசக்கணக்கா பொறுமையா பயிற்சி பண்ணணும். ஆனா இருக்கறது நிக்கும். தள்ளிப் போட்டீங்கன்னா அதுவும் கரைஞ்சுரும். அப்புறம் கத்திரியைக் கண்ணால பாத்துக்கிட்டு உக்கார வேண்டியதுதான். தேவையா உங்களுக்கு?"

சலூன்காரர் அசந்துபோனார். வெளியே சொல்ல வெட்கப்பட்டுப் பூட்டி வைத்திருந்த பயத்தையெல்லாம், மனசுக்குள் புகுந்து பார்த்ததுபோல் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு உடைக்கிறாளே! டாக்டரும் இதையேதான் சொன்னார். ஆனால் அவர் கத்தியைப் பிடிக்கிறவர். கத்திக்குக் கை கொடுத்து எழுந்தவள் சொல்வது வேறு.

விருட்டென்று எழுந்து உள்ளே போனார். ஐந்தே நிமிடத்தில் முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

"போட்டுட்டேம்மா கையெழுத்து! வர்ற வியாழக்கிழமை ஆபரேஷன். எல்லாம் உங்களைப் பாத்த தைரியம்தான். நீங்க நல்லா இருக்கணும்!"

அவள் பதில் சொல்வதற்குள் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்தாள். கையில் ஒரு ஃபைல். அந்த அம்மாளைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"வாங்கம்மா, இன்னிக்காவது கையெழுத்துப் போடுவீங்களா? இல்ல, ஆபரேஷன்னதும் போன ரெண்டு தடவை மாதிரி தண்ணி குடிச்சிட்டு வர்றேன்னு ஓடிருவீங்களா?"

சலூன்காரர் வாயைப் பிளந்தார்.

"என்னை அப்படிப் பாக்காதீங்க, அண்ணே" என்று எழுந்த அந்த அம்மாள், இத்தனை நேரம் கைப்பைக்கு அடியில் மறைத்து வைத்திருந்த வற்றிப்போன வலது கையை வெளியே எடுத்து நர்ஸிடம் நீட்டினாள். "பேனாவைக் குடும்மா. இவருக்குச் சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன்!"