குறையாத வைக்கோல் போர்

நகராட்சிக் குப்பை வண்டியை இழுத்து இழுத்துக் கழுத்து காய்த்துப்போன செவலை மாட்டுக்கு ஒருவழியாக ஓய்வு கொடுத்தார்கள். வயதான காலத்துக்கு ஆகும் என்று, உழைத்த நாளெல்லாம் அதன் தீவனத்தில் ஒரு பிடி வைக்கோலைப் பிடித்துப் பொதுப் போரில் சேர்த்திருந்தார்கள். அந்தப் போருக்கு மேற்பார்வை ஒரு மட்டக்குதிரை.

பசியோடு போய் நின்றது செவலை. "தம்பி, என் பங்கைக் குடுப்பா."

"குடுக்கலாம் அண்ணே. ஆனா போர் ஒரு சாண் குறைஞ்சாலும் மேற்பார்வை சரியில்லன்னு என்னைத்தானே பேசுவாங்க? அடுத்த மாசம் பார்ப்போம்."

அடுத்த மாதமும் அதே பேச்சுதான். செவலைக்கு விலா எலும்பு தெரிந்தது. போரோ பனை உயரம் வளர்ந்தது. அதில் ஒரு பங்கு தன் வாயிலிருந்து பிடுங்கியது என்பதைச் செவலை மறக்கவே இல்லை.

இத்தனை உயரப் போர் எந்த ஊரிலும் இல்லை என்று குதிரைக்கு விழா எடுத்தார்கள். ஓய்வு பெற்றவர்கள் சார்பில் செவலையை மேடையேற்றி, சாமந்தி மாலை போட்டது குதிரை.

"போரைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க அண்ணே."

செவலை தலையைத் தாழ்த்தி மாலையைத் தின்னத் தொடங்கியது.

"ஐயையோ, மரியாதைக்குப் போட்டதைத் தின்றீங்களே!" என்று குதிரை பல்லைக் கடித்தது.

நாரைக்கூட விடாமல் மென்று விழுங்கிவிட்டு, செவலை மறுபடி கழுத்தை நீட்டியது.

"மரியாதை நல்லாத்தான் இருக்கு தம்பி. இன்னொண்ணு போடு."