ஆறாவது தங்கமீன்

கிளமெண்ட் தொட்டியில் வளர்க்க வாங்கி வந்த சிங்கமீன் என்ற கடல்மீன் முதல் மாதம் செத்த இரையைத் தொடவே இல்லை. அவன் மனைவி ஜெசிந்தாதான் குச்சி நுனியில் இறால் துண்டைச் செருகி, உயிரோடு நீந்துவதுபோல் தண்ணீரில் ஆட்டி ஆட்டி அதைத் தின்னப் பழக்கினாள். உப்பைக் கரைத்து வாரந்தோறும் தொட்டித் தண்ணீரை மாற்றியதும் அவள்தான். அன்று விருந்துக்கு வந்த நண்பர்கள் முன்னால் கிளமெண்ட் ஒரு பையைத் தூக்கிக் காட்டினான். உள்ளே ஆறு தங்கமீன்கள்.

"உயிரோட விழுங்கும், பாருங்க!"

"போடாதீங்க. தங்கமீனைத் தின்னா இதுக்கு ஈரல் கெட்டுப்போகும்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?" என்றாள் ஜெசிந்தா.

"எம் பொண்டாட்டி மீனுக்குப் பத்தியம் பாக்குறா," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பையைத் தொட்டிக்குள் கவிழ்த்தான்.

நல்ல தண்ணீரில் வாழும் தங்கமீன்கள் உப்புநீரில் திணறி வாயைப் பிளந்தன. சிங்கமீன் முள்ளெல்லாம் விரித்து எழும்பியது.  ஜெசிந்தா வலையைக்கூடத் தேடாமல் முழங்கை வரை கையை உள்ளே விட்டாள். சிரிப்பு நின்றது.

"ஏய், முள்ளு விஷம்டி! கைய எடு!"

"எனக்குத் தெரியாதா? மூணு மாசமா இதுக்குப் பக்கத்துல இருந்தது என் கைதானே? உங்க விரல் ஒருநாளாவது நனைஞ்சுதா?"

ஒவ்வொன்றாகப் பிடித்து, விருந்தினர்களுக்கு வைத்திருந்த தண்ணீர் ஜக்கில் போட்டாள். ஐந்து வந்துவிட்டன. ஆறாவது சிங்கமீனின் வாயருகே துடித்துக்கொண்டிருந்தது.

"ஜெசி, அது போகட்டும், விட்டுரு," என்று கிளமெண்ட் கெஞ்சினான்.

அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தபடி கையை இன்னும் ஆழமாக இறக்கினாள்.