விசாரிக்க வந்தவர்

"அம்மா, ஒருத்தரிட்டையும் மூச்சு விடக்கூடாது! வெளியிலை கதை போனா வேலை இல்லையெண்டு சொல்லிப்போடுவாங்கள்!"

மங்கையற்கரசி சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் துள்ளிக்கொண்டு நின்றாள். பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிற பிள்ளை. கோடை விடுமுறைக்கு அரசாங்க உளவுத்துறையில் பயிற்சி வேலை கிடைக்கும் போலிருந்தது. 1987இல் ரொறன்ரோவின் டோர்செட் பார்க் முழுக்கத் தேடினாலும் அப்படியொரு அதிசயம் அகப்படாது.

"உளவுத்துறையோ? சுடுற துவக்குத் தருவாங்களோ?" பாலேஸ்வரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொம்பியூட்டர்தான் தருவாங்கள். கடைசியா ஒரு ஒபிசர் வீட்டை வந்து என்னைப் பற்றி விசாரிப்பார். சனிக்கிழமைக்குள்ளை வருவாராம். அவரிட்டை மட்டும் உண்மையைச் சொல்லுங்கோ."

"பெரியம்மாவுக்குச் சொல்லட்டே?"

"முக்கியமா அவவுக்குச் சொல்லாதேங்கோ!"

பாலேஸ்வரிக்குப் பெருமை பிடிபடவில்லை. அதை யாரிடமும் கொட்ட முடியாததுதான் பெரிய தண்டனை. வரப்போகிற வெள்ளைக்காரனுக்காக, "மை டோட்டர் வெரி குட் கேர்ள்" என்று கறி கிளறும்போதெல்லாம் சொல்லிப் பழகினாள்.

சனிக்கிழமை பின்னேரம் கதவைத் தட்டியது வெள்ளைக்காரன் இல்லை. கோட்டுப் போட்ட ஒரு தமிழர்.

"வணக்கம் அக்கா. மங்கையற்கரசியைப் பற்றிக் கொஞ்சம் விசாரிக்க வந்தனான்."

பாலேஸ்வரிக்கு உடனே விளங்கிவிட்டது. ரெக்ஸ்டேலில் ஒரு நல்ல மாப்பிள்ளை இருக்கிறார், ஆள் அனுப்பி விசாரிப்பார்கள் என்று பக்கத்து வீட்டுத் தங்கேஸ்வரி சொல்லியிருந்தாள்.

அவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டார்.

"மாப்பிள்ளை படமெல்லாம் பிறகு பாப்பம் தம்பி. முதல்லை இருந்து தேத்தண்ணி குடியுங்கோ."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சுடச்சுடப் பற்றீஸ் தட்டு வந்துவிட்டது. அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கையை வெளியே எடுத்தார்.

"மகள் இந்தக் கோடைக்கு எங்கை வேலைக்குப் போறா?"

"வேலையோ? வீட்டிலை நிண்டு எனக்கு உதவி செய்வா."

"ஏதோ அரசாங்க வேலை எண்டு கேள்விப்பட்டன்..."

"ஆர் தம்பி உந்தக் கதையைக் கட்டினது? அவவுக்குத் தையலிலைதான் விருப்பம்."

மங்கை ஊசியில் நூல் கோத்தே அறியாதவள்.

"அப்ப கொம்பியூட்டர்?"

"ரைப்பிங் மாதிரி ஏதோ படிக்கிறா. அதை விடுங்கோ. நீங்கள் எந்த ஊர்?"

"கோண்டாவில்."

"கோண்டாவிலிலை ஆற்றை பெடியன்?"

பிறகு கேள்வியெல்லாம் பாலேஸ்வரியுடையதுதான். தேத்தண்ணி ஆறுவதற்குள், அவர் தில்லையம்பலத்தாரின் இளைய மகன், ஒட்டாவாவில் வேலை, மனைவிக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் ரொறன்ரோவுக்கு மாற்றம் கேட்க யோசிக்கிறார் என்பது வரைக்கும் வந்துவிட்டது.

அவர் போன பிறகு, மங்கை வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டாள்.

"ஒபிசர் வந்தவரே?"

"ஒரு வெள்ளைக்காரனும் வரேல்லை. ரெக்ஸ்டேல் மாப்பிள்ளை பகுதியிலை இருந்து ஒருத்தர் வந்தவர். உன்ரை வேலையைப் பற்றித் தோண்டித் தோண்டிக் கேட்டார். நான் விட்டனே!"

மங்கையின் முகம் வாடியது. இன்றுதானே கடைசி நாள். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. ஓடிப்போய் எடுத்தாள்.

"பிள்ளை, நான்தான் இண்டைக்கு உம்மட வீட்டை வந்த ஒபிசர்."

அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். "ஐயோ சேர், அம்மா உங்களை மாப்பிள்ளை பகுதி எண்டு..."

"அது எனக்கு வடிவா விளங்கினது. அடையாள அட்டையை எடுக்கவே விடேல்லை. சரி, எவ்வளவு தாங்குறா பாப்பம் எண்டு நானும் பேசாமல் இருந்தன். எப்பிடிக் கேட்டும் உம்மட வேலையைப் பற்றி ஒரு சொல் வெளியிலை வரேல்லை. ஜூன் மாசம் வந்து வேலையிலை சேரும்!"

மங்கை வீடே அதிரத் துள்ளினாள்.

"பொறும் பிள்ளை," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "நான் மாற்றம் கேட்க நினைச்சிருக்கிறது என்ரை மேலதிகாரிக்கே தெரியாது. உம்மட அம்மா அதை ஒரு தேத்தண்ணியோடை எடுத்துப்போட்டா. அவவுக்கும் இஞ்சை வேலை செய்ய விருப்பமோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லும்!"