பதினேழு ஜிப் பை

மீன்கொத்தி குளத்தில் பாய்வதை ஒரே ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று ஒரு கேமராவுக்கு ஆசை. மீன்கொத்தியும் சரி என்று சொல்லிவிட்டது. போய்வர ஒரு முதுகுப்பை வேண்டுமே என்று கேமரா கடைக்குப் போனது.

ஒற்றை ஜிப் வைத்த பை, "ஏறுப்பா, போலாம்" என்றது.

பக்கத்தில் இருந்த பெரிய பை கனைத்துக்கொண்டது. "நமக்குப் பதினேழு ஜிப், ஒரு நம்பர் பூட்டு. மேல யானையே உட்கார்ந்தாலும் உள்ள இருக்கிறவங்க தூக்கம் கலையாது தம்பி."

கீறல் என்ற சொல்லைக் கேட்டாலே கேமராவுக்கு நடுக்கம். பெரிய பைக்குள் ஏறிக்கொண்டது.

குளக்கரையில் மீன்கொத்தி கிளையில் தயாராக நின்றது. "பாயட்டுமா சார்?"

"ஒரு நிமிஷம்ங்க, மூணாவது ஜிப்ல இருக்கேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

மீன்கொத்தி காத்திருந்தது. பசித்ததால் ஒரு மீனைப் பிடித்துத் தின்றுவிட்டு வந்தது. "இப்ப?"

"பூட்டு நம்பர் என்னன்னு பை யோசிக்குதுங்க."

மீன்கொத்தி கல்யாணம் செய்துகொண்டது. கரையில் பொந்து தோண்டிக் குடித்தனம் நடத்தியது.

கடைசி ஜிப் திறந்து கேமரா எட்டிப் பார்த்தபோது, கிளையில் ஒரு குஞ்சு உட்கார்ந்திருந்தது.

"கேமரா மாமாவா? அப்பா வேற குளத்துக்குப் போயிட்டார். உங்களை ரொம்பக் கேட்டதாச் சொல்லச் சொன்னார். எனக்கு இன்னும் பாய வராது."

"எங்க, திரும்பு பார்ப்போம்" என்றது பை. கேமராவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "ஒரு கீறல் இருக்கா? சொல்லு, இருக்கா?"