நீலம் மாறிய காலை

"அதிரசமா? இங்கிட்டுக் கொண்டா."

செல்லத்தாய் இன்னும் வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை. அதற்குள் சம்பந்தி ஒச்சம்மாள், அவள் கையிலிருந்த தூக்குச்சட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிவிட்டாள்.

போடிமெட்டிலிருந்து இறங்கிய ஜீப்பு, ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களைத் தெருவில் இறக்கிக்கொண்டிருந்தது.

"ஏ புள்ளைகளா, ஆளுக்கொண்ணு எடுத்துக்கங்க" என்று ஒச்சம்மாள் சட்டியை அவர்களிடம் நீட்டினாள்.

செல்லத்தாய்க்கு வயிறு எரிந்தது. ஏழு மாசப் பிள்ளைத்தாச்சியாக இருக்கும் மகள் பேச்சிக்காகச் சுட்டு, சிலமலையிலிருந்து பஸ்சில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பலகாரம்.

"மதினி, பேச்சிக்கு ரெண்டு எடுத்து வைக்கக் கூடாதா?"

"அவளுக்கு வேணாம்."

அதோடு ஒச்சம்மாள் உள்ளே போய்விட்டாள்.

எதிர்வீட்டு ராமுத்தாய் மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். "பாத்தீகளாக்கா? தோட்டம் இருக்கு, வயல் இருக்கு, ஜீப்பு இருக்கு. மருமக காப்பிக்கு ஒரு கரண்டி சீனி போட மனசு வரல. பிள்ளைத்தாச்சிக்குச் சோத்தையும் அளந்துதான் வைக்குது. சரியான கஞ்சப்பிசினாரி!"

உள்ளே போய்ப் பார்த்தபோது, பேச்சியின் முகம் வாடியிருப்பதாகச் செல்லத்தாய்க்குப் பட்டது. முதல் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே தவறிப்போனது. பார்த்தவர்களெல்லாம் மலைத்துப்போன அளவுக்குப் பெரிய பிள்ளை. அந்தத் துக்கமே இன்னும் ஆறவில்லை. இப்போது வாயையும் கட்டிப்போட்டால் மகள் என்ன ஆவாள்?

ஒச்சம்மாள் பால் கறக்கப் போன நேரம், செல்லத்தாய் பைக்குள் தனியாக முடிந்து வைத்திருந்த அதிரசங்களை எடுத்தாள்.

"வேணாம் ஆத்தா. அத்தை வைவாக."

"வஞ்சா நான் பாத்துக்கிறேன். வெரசா தின்னு."

பேச்சி எதையோ சொல்ல வாயெடுத்தாள். நெய் வாசம் அவளைச் சொல்லவிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அத்தனையும் தின்று முடித்தாள்.

நாளைக்கு முதல் பஸ்சில் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று செல்லத்தாய் அப்போதே முடிவு பண்ணிவிட்டாள்.

விடிந்ததும் அதைச் சொல்லத்தான் கொல்லைக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒச்சம்மாள் ஒரு சின்ன ஸ்பிரிட் விளக்கின் முன்னால் குத்தவைத்திருந்தாள். இடுக்கியில் ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் மயில் கழுத்து நிறத்தில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

"எம் மகளுக்கு என்ன மருந்து வைக்கிறீக?" செல்லத்தாய் கத்தினாள்.

"கத்தாத செல்லத்தாயி. இது குடிக்கிறதுக்கில்ல. நீல மருந்துல, அவ ஒண்ணுக்குப் போனதுல எட்டுச் சொட்டு விட்டிருக்கேன்."

"என்னது?"

"சர்க்கரை இருக்கான்னு பாக்குறேன். இல்லைன்னா நீலம் மாறாது. தினமும் பாக்குறேன், ஒரு நாளும் மாறுனதில்ல. நீயும் பாரு."

செல்லத்தாய் குனிந்தாள்.

நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. அவள் கண் முன்னாலேயே மஞ்சளும் பழுத்து, செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

ஒச்சம்மாள் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "ஐயோ, எப்பிடி மாறுச்சு? ராத்திரி சோத்தைக் கூட வச்சிட்டனோ? நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல மதினி." செல்லத்தாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாந்தான் அதிரசம் குடுத்தேன்."

ஒச்சம்மாள் திட்டவில்லை. விளக்கை ஊதி அணைத்தாள்.

"மொதப் பிள்ளை அம்புட்டுப் பெருசா வளந்து செத்ததுக்குச் சர்க்கரைதான் காரணமா இருக்கும்னு டாக்டரம்மா சொன்னாக. இந்தத் தடவையும் ரத்தத்துல ஏறப் பாக்குதாம். வியாதின்னு இன்னும் ஆகல. வாயைக் கட்டி, வீட்டுலயே தினமும் பாத்துக்கிட்டு வந்தா பிள்ளையைக் காப்பாத்திரலாம்னாக. நிறம் மாறுனா உடனே வரச் சொல்லியிருக்காக. கெளம்பு, போவோம்."

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். பிள்ளையின் இதயத்துடிப்பு கேட்கும் குழாயைப் பேச்சியின் வயிற்றில் வைத்து வெகுநேரம் கேட்டார். அந்த நேரம் முழுக்க இரண்டு சம்பந்திகளும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளை நல்லா இருக்கு. இனிமே இனிப்பு மட்டும் கூடவே கூடாது" என்றார்.

மறுநாள் காலை இடுக்கியைச் செல்லத்தாயே வாங்கிக்கொண்டாள். குழாய்க்குள் குமிழ் விட்டுக் கொதித்தது. இமைக்காமல் பார்த்தாள்.

நீலம். கொதித்து அடங்கிய பிறகும் அதே நீலம்.

தன் மகள் வயிற்றுக்குள் நடப்பதை ஒரு கரண்டித் தண்ணீர் சொல்கிறது. தோட்டத்து ஆட்கள் எழுந்து நின்று கும்பிடும் ஒச்சம்மாள், மருமகள் மூத்திரத்தை முகம் சுளிக்காமல் தினமும் கையில் ஏந்துகிறாள். எதை நினைத்து அதிசயிப்பது என்று செல்லத்தாய்க்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பெத்தவ எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மதினி? பேச்சியும் வாயத் தொறக்கல. தெருவே உங்களை எம்புட்டுக் கேவலமாப் பேசுது!"

"நாந்தான் அவகிட்டச் சத்தியம் வாங்குனேன். வெளிய தெரிஞ்சா, சீக்குக்காரி, இவளுக்குப் பிள்ளை தங்காதும்பாக. எம் மகனுக்கு வேற பொண்ணு பாக்கச் சொல்லி வாசல்ல வந்து நிப்பாக." ஒச்சம்மாள் குழாயைக் கழுவிக் கவிழ்த்தாள். "அதுக்கு, மாமியா கஞ்சப்பிசினாரின்னே பேசிட்டுப் போகட்டும். நான் என்ன தேஞ்சா போயிருவேன்?"